ஆமை நடையும் முதலைப் பண்ணையும்

ஓர் உயிரினப் பாதுகாப்பு அமைப்பு தன் விழுமியங்களை எவ்வளவு பரப்புகிறது என்பதை, வந்தவர் எதை உணர்ந்து திரும்புகிறார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். சென்னையில் 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிப் பொதுமக்களை இரவில் மணலில் நடத்திச் செல்கிறது. தன்னார்வலர்கள் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி, முட்டைகளைக் கவனமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பதை அருகிலிருந்து பார்த்தவருக்கு, கரையோர விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும் என்பதைத் தனிப் பாடமாக நடத்தத் தேவையில்லை. சில இரவுகளில் ஆமையே வராது. அந்த ஏமாற்றத்தையும் நான் குறையாக எண்ணவில்லை.

ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் நிறுவிய முதலைப் பண்ணையோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் பகலில் திறந்திருப்பதால், குழந்தைகளும் முதியவர்களும் எளிதில் வர முடிகிறது. எனினும், பலர் அதை உயிரியல் பூங்காவாகவே பார்த்துவிட்டு, விளக்கப் பலகைகளைப் படிக்காமல் கடந்துவிடுகின்றனர். அங்குள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுப்புக் காட்சி மட்டும் விதிவிலக்கு: ஒரு பழங்குடியின் அறிவு, பாம்பைக் கொல்லாமலேயே, மனித உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலமாவதை அது கண்முன் நிறுத்துகிறது.

வருவோர் எண்ணிக்கையில் பண்ணையும் ஆழத்தில் நடையும் முந்துகின்றன; ஆமைகள் முட்டையிடும் பிப்ரவரியில், எங்கே போகலாம் என்று கேட்பவரை நான் கடற்கரைக்கே அனுப்புவேன்.