நம்பர் ஒத்துப்போகாத சர்டிபிகேட்

மதுரையில் சொந்தமாக இன்ஜின் வேலை பார்க்கிறவர்கள், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் கருவி; அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் தரும்) வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பழைய மாருதி 800. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நானே மாற்ற இறங்கினேன். ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வருஷக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றுகூட என்னைக் கைவிட்டதில்லை. டார்க் ரெஞ்ச் மட்டும்தான் இல்லை. ஹெட் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்க முடியாது; நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், எல்லாம் ஒரே இறுக்கத்துக்கு வரவேண்டும்.

நல்ல கம்பெனி ரெஞ்சுக்கு நாலாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். டவுனுக்குள் ஒரு கடையில் 1,900 ரூபாய். "ஒரிஜினல்ண்ணே, கலிபரேஷன் சர்டிபிகேட்டோட வருது" என்று, ரெஞ்சின் அளவு சரியா என்று சோதித்ததற்கு அத்தாட்சியாகப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைக் காட்டினார் கடைக்காரர். பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

கடைசிச் சுற்று. மேனுவலில் உள்ள அளவை வைத்து இழுக்கிறேன், 'டக்' சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். திடீரென்று கைப்பிடி லேசானது. போல்ட் முறிந்து, பாதி பிளாக்குக்குள் நின்றுவிட்டது. அந்த நொடியில் வயிறு கலங்கியது இன்னும் மறக்கவில்லை.

கே.புதூர் லேத் பட்டறை அண்ணன் வந்து, முறிந்த துண்டின் மேல் நட் வைத்து வெல்டு அடித்து மெதுவாகக் கழற்றினார். கூலி 2,500. புது கேஸ்கெட்டும் போல்ட்டும் தனி. போகும்போது, "முதல்ல அந்த ரெஞ்சுல எடை கட்டிப் பாருங்க தம்பி" என்றார்.

பார்த்தேன். சதுர முனையை வைஸில் கடிக்கவைத்து, கைப்பிடியைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, அந்தச் சதுர முனையிலிருந்து 40 சென்டிமீட்டரில் ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். வாளியும் தண்ணீரும் சேர்ந்து 12.5 கிலோ என்றால் முறுக்கும் அளவு 49 நியூட்டன் மீட்டர். ரெஞ்சையும் 49-இல் வைத்தேன். ரெஞ்சின் சொந்த எடையும் சேர்வதால், அதற்குச் சற்று முன்பே சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி 19 கிலோ வந்த பிறகுதான் 'டக்'. அதாவது கிட்டத்தட்ட 75! நல்ல கிளிக் ரெஞ்சில் 4 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம்.

அப்புறம்தான் சர்டிபிகேட்டைப் பிரித்தேன். ஜெராக்ஸ். அதில் இருந்த சீரியல் நம்பர் வேறு, ரெஞ்சில் பொறித்திருந்தது வேறு.

கடைக்குத் திரும்பப் போனால், "டைட் பண்ணத் தெரியாம உடைச்சிட்டு வந்திருக்கீங்க, டூல்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். என் கையில் இருந்ததோ 'எஸ்டிமேட்' என்று எழுதிய வெள்ளைச் சீட்டு. ஜிஎஸ்டி பில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம் என்றாலும், இந்தச் சீட்டை வைத்து எதை நிரூபிப்பது?

ஸ்பேனர், சாக்கெட்டைப் பழசாக, மலிவாகத் தாராளமாக வாங்குங்கள். அளவு காட்டும் கருவி என்றால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், சீரியல் நம்பரைக் கடையிலேயே ஒப்பிடுங்கள், வண்டியில் வைப்பதற்கு முன் வாளி கட்டிப் பாருங்கள். நான் இப்போது பட்டறை அண்ணனின் ரெஞ்சை நாள் வாடகை 100 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன். ஹெட் போல்ட் வேலை தினமுமா வருகிறது?