வேலூரில் ஃபண்டு வாங்கியவர்களே, ஸ்டேட்மென்டில் அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைப் படியுங்கள்

சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பணிக்கொடைப் பணத்தில் 8 லட்சம் ரூபாயை ஒரு பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டில், அதாவது பங்கிலும் கடன்பத்திரத்திலும் மாற்றி மாற்றிப் போடும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். டைரக்ட் பிளான் (விநியோகஸ்தர் கமிஷன் இல்லாதது), குரோத் ஆப்ஷன் (லாபம் வெளியே வராமல் உள்ளேயே வளர்வது) வேண்டும் என்று தெளிவாகவே சொன்னார். வேலூரில் அவர் போன முதலீட்டு அலுவலகம், டைரக்டாகப் போட்டுத் தருவதற்கு சர்வீஸ் சார்ஜ் என்று 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் கணக்கில் இருப்பது கமிஷன் கழியும் ரெகுலர் பிளான், அதுவும் மாதாமாதம் ஒரு தொகையை வெளியே எடுத்துத் தரும் ஐடிசிடபிள்யூ ஆப்ஷன். ஃபண்டு கம்பெனி அதேதான், ஃபண்டின் பெயரும் அதேதான். பெயரின் வாலும், ஐசின் என்கிற பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணும்தான் வேறு.

மாதாமாதம் பெருவட்டி என்று ஆசைகாட்டி மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு போனவர்களை வட ஆற்காடு பார்த்துவிட்டது. இது அந்த ரகம் இல்லை. பணம் ஃபண்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. அதனால்தான் யாருக்கும் புகார் கொடுக்கத் தோன்றுவதில்லை. ரெகுலர் பிளானுக்கும் டைரக்ட் பிளானுக்கும் வருடச் செலவில் 0.8 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சத்துக்கு முதல் வருடமே 6,400 ரூபாய். பணம் வளர வளர அந்தத் தொகையும் வளரும். இதற்கு ரசீது வராது, என்ஏவி எனப்படும் ஒரு யூனிட்டின் தினசரி மதிப்பிலேயே கழிந்துவிடும்.

மாதம் தவறாமல் பாங்கில் விழுந்த தொகையை அவர் வட்டி என்று நினைத்திருந்தார். டிவிடெண்ட் ஆப்ஷன் என்ற பெயர் மக்களை ஏமாற்றுகிறது என்பதால்தான் 2021 ஏப்ரல் 1 முதல் அதை ஐடிசிடபிள்யூ என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மாற்றியது. தொகை வெளியே போன அன்று என்ஏவி அந்த அளவுக்கு இறங்கும். வந்தது அவர் பணமேதான், அதையும் வருமானமாகக் கணக்கில் காட்டி வரி கட்ட வேண்டும்.

இது எப்படி நடந்தது என்பது விண்ணப்பப் படிவத்தின் மேல் வரியிலேயே இருக்கிறது. விநியோகஸ்தரின் பதிவு எண்ணான ஏஆர்என், அதன் பக்கத்தில் அவருடைய ஊழியரின் எண்ணான இயுஐஎன் என்று கட்டங்கள் இருக்கும். கீழே பிளான் என்று இன்னொரு கட்டம். ஏஆர்என் சீல் குத்தியிருந்து, பிளான் கட்டம் காலியாக இருந்தால், விதிப்படி அது ரெகுலர். பிளான் கட்டத்தில் டைரக்ட் என்று எழுதியிருந்தால், மேலே ஏஆர்என் இருந்தாலும் அது டைரக்ட்தான். ஏஆர்என் கட்டம் காலியாகவே இருந்தால், ரெகுலர் என்று எழுதினாலும் டைரக்டாகத்தான் பதிவாகும். ஆகவே மற்ற விவரங்களை அவர்கள் நிரப்பினாலும் பரவாயில்லை, பிளான், ஆப்ஷன் இரண்டு கட்டத்தையும் உங்கள் கையால் எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவர் செபியில் பதிவுபெற்ற ஆலோசகராக இருக்க வேண்டும். அவர் எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். அப்படிப்பட்டவர் அதே வாடிக்கையாளர் மூலம் கமிஷனும் வாங்க முடியாது. ஏஆர்என் வைத்திருப்பவர் கமிஷனில் பிழைப்பவர், அதில் தவறில்லை, வாயால் சொல்லிவிட்டு வாங்கட்டும். இரண்டு பக்கமும் வாங்குவதுதான் மோசடி.

இப்போது அந்தப் பன்னிரண்டு இலக்கம். ஐசின் என்பது ஒரு முதலீட்டின் ஆதார் எண் மாதிரி. ஒரே ஃபண்டுக்குள் ரெகுலர் குரோத், டைரக்ட் குரோத், ஐடிசிடபிள்யூ பேஅவுட் (தொகை கையில் வருவது), ரீஇன்வெஸ்ட்மென்ட் (அதே ஃபண்டில் திரும்பப் போடுவது) எல்லாவற்றுக்கும் தனித்தனி ஐசின். உதாரணத்துக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம், இது வாங்கச் சொல்லும் பரிந்துரை இல்லை. பராக் பாரிக் ஃபிளெக்ஸி கேப் ஃபண்டின் டைரக்ட் குரோத் எண்: ஐ, என், எஃப், 8, 7, 9, ஓ, 0, 1, 0, 2, 7. முதல் இரண்டு எழுத்து இந்தியா. மூன்றாவது எஃப் என்றால் மியூச்சுவல் ஃபண்டு யூனிட். அந்த இடத்தில் ஈ இருந்தால் அது கம்பெனி வெளியிட்ட பங்கு அல்லது கடன்பத்திரம். ஏழாவது இடத்தில் நிற்பது ஆங்கில எழுத்து ஓ, பூஜ்யம் அல்ல. பார்த்து எழுதும்போது பாதிப்பேர் இங்கேதான் தவறுவார்கள்.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். அதை விட்டுவிட்டு, எழுத்துகளை ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று எண்களாக்கி, எல்லா இலக்கங்களையும் வரிசையாக எழுதி, வலது ஓர இலக்கத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்கி, மற்றவற்றோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். இரட்டிப்பாக்கியதில் இரண்டு இலக்கம் வந்தால் அவற்றையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்குங்கள். மேலே சொன்ன எண்ணுக்கு 63 வரும். அடுத்த பத்தான 70-ஐ எட்ட 7 தேவை, கடைசி இலக்கமும் 7. ஓ இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டுக் கணக்கிட்டால் கூட்டல் 46, கடைசியில் 4 வர வேண்டும். பொருந்தாது, எண் தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் போலி ஆப்களில் ஃபண்டு என்று காட்டும் எண்களை இப்படிச் சோதித்தாலே சிலது உதிர்ந்துவிடும். கணக்கு பொருந்தினால் மட்டும் போதாது, ஃபண்டு கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் தினமும் வரும் என்ஏவி பட்டியலிலும் அது இருக்க வேண்டும். அதில் முதலில் ஆறு இலக்கத் திட்டக் குறியீடு, பிறகு ஐசின், முழுப் பெயர், என்ஏவி, தேதி. மேலே சொன்ன டைரக்ட் குரோத்துக்கு ஆம்ஃபி குறியீடு 122639. ஐடிசிடபிள்யூவில் பேஅவுட்டுக்கும் ரீஇன்வெஸ்ட்மென்டுக்கும் ஒரே ஆம்ஃபி குறியீடு, ஆனால் இரண்டு ஐசின். அதனால் எதையும் உறுதிசெய்ய ஐசின்தான் நம்பகமானது.

நம் ஊரில் ஃபண்டு என்றால் சீட்டும் ஃபண்டுதான், நிதி கம்பெனி டெபாசிட்டும் ஃபண்டுதான். இவற்றுக்கு ஐஎன்எஃப் எண் கிடையாது. கேட்டதும் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள்.

டீமேட்டில் இடிஎஃப், அதாவது பங்குச்சந்தையில் பங்கு மாதிரி வாங்கி விற்கும் ஃபண்டு வாங்குபவர்களுக்குச் சிக்கல் வேறு. அங்கே தேடுவது டிக்கர் என்கிற சந்தைச் சுருக்கப் பெயரை வைத்து. நிஃப்டி பீஸ் என்றால் நிஃப்டி 50, ஜூனியர் பீஸ் என்றால் நிஃப்டி நெக்ஸ்ட் 50, பேங்க் பீஸ் என்றால் பாங்கு பங்குகள் மட்டும். கம்பெனி பலமுறை கைமாறியும் பழைய டிக்கர் அப்படியே நிற்பதால், பெயரை வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது. பிஎஸ்இயில் அதே யூனிட்டுக்கு டிக்கரோடு ஆறு இலக்க எண்ணும் உண்டு. அதை ஆம்ஃபி குறியீடு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். விற்பனை குறைவாக உள்ள இடிஎஃப்பில் கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் உண்மை மதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்க நேரும். அந்த நேரத்து மதிப்பான ஐஎன்ஏவி பார்த்து, விலையை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

சரிபார்க்க நல்ல வழி, சிஏஎஸ் என்கிற ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட். ஃபண்டு கம்பெனிகளின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக், அவற்றின் பொதுத் தளமான எம்எஃப் சென்ட்ரல் எதிலும் பான் எண்ணும் பதிவான மெயிலும் கொடுத்தால் வரும். 'டீடெய்ல்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபோலியோவின் (ஃபண்டு கம்பெனியில் உங்கள் கணக்கு) கீழும் ஃபண்டின் முழுப் பெயர், ஐசின், அதன் பக்கத்தில் அட்வைசர் என்று இருக்கும். அங்கே ஏஆர்என் எண் இருந்தால் ரெகுலர். எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், அதில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, நமக்குத் தேவையான வால்தான் காணாமல் போகும். மெயில் வரவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆசிரியையின் ஃபோலியோவில் பதிவாகியிருந்தது அந்த அலுவலகத்தின் மெயில். பதினான்கு மாத ஸ்டேட்மென்ட்டும் அங்கேதான் போயிருக்கிறது. மெயிலை மாற்ற அலுவலகத்தின் தயவு வேண்டாம். கேம்ஸ், கேஃபின்டெக் சேவை மையங்கள் வேலூரிலேயே உண்டு.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதை வருமான வரித்துறை விற்பனையாகவே எடுத்துக்கொள்ளும். பங்கு சார்ந்த ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் மாறினால் லாபத்துக்கு 20 சதவீதம் வரி, பெரும்பாலும் சீக்கிரம் வெளியேறுவதற்கான கட்டணமான எக்சிட் லோடும் சேரும். ஒரு வருடம் தாண்டினால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். எஸ்ஐபி எனும் மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தனியாக நிறுத்துங்கள். யூனிட்டை மட்டும் மாற்றிவிட்டால் அடுத்த மாதத் தவணை மறுபடி பழைய ஐசினுக்கே போகும்.

புகார் முதலில் ஃபண்டு கம்பெனிக்கு, கூடவே விண்ணப்பத்தின் ஸ்கேன் நகலையும் கேளுங்கள். பிறகு செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸ். 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். போலி ஆப்பில் பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்.

ஆசிரியையின் விண்ணப்ப நகல் வந்துவிட்டது. கையெழுத்து நீல மையில், ஐடிசிடபிள்யூ கட்டத்தில் டிக் கறுப்பு மையில். பிளான் கட்டம் காலி, மேலே ஏஆர்என் சீல். ஆகவே ரெகுலராகப் பதிவுசெய்தது சரி என்று ஃபண்டு கம்பெனி சொல்கிறது, விதிப்படி அதை மறுக்க முடியாது. அவர் கையில் மிஞ்சியிருப்பது அந்த 3,000 ரூபாய்க்கான ரசீது. அதில் டைரக்ட் பிளான் சர்வீஸ் சார்ஜ் என்று எழுதி அவர்களே சீல் வைத்திருக்கிறார்கள். ஸ்கோர்ஸுக்குப் போன புகாரில் முதல் இணைப்பு அதுதான்.