குளிர்காலச் சோர்வு: மேசை விளக்கா, நண்பகல் நடையா?

இருட்டில் வேலைக்குக் கிளம்பி இருட்டிலேயே வீடு திரும்பும் மாதங்களில், ஒரே மின்னஞ்சலை நான்கு முறை வாசித்தும் பதில் எழுதக் கை எழாத நிலை எனக்கு ஆண்டுதோறும் வரும். 1984-இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தது இதைத்தான். ஒரு குளிர்காலம் நண்பகல் நடையையும், அடுத்த குளிர்காலம் ஒளி சிகிச்சை விளக்கையும் நம்பியிருந்து பார்த்தேன். இப்போது நான் விளக்கின் பக்கம்.

நடைக்குச் செலவில்லை, உடம்புக்கும் நல்லது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம், அலுவலக அறையின் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரையிலான வெளிச்சத்தைப் பல மடங்கு மிஞ்சும்.

ஆனால் எனக்குத் தீர்வைச் சொன்னது, எதைத் தினமும் தவறாமல் செய்ய முடிகிறது என்ற கேள்விதான். குளிர்காலத்தில் பின்தங்கிப்போகும் உடலின் கடிகாரத்தைக் காலை ஒளிதான் முன்னுக்கு இழுக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நண்பகலில் நடக்கும்போதோ அந்தக் காலைப்பொழுது கடந்துவிட்டிருக்கும். அதற்கும் மேலாக, ஒரு கூட்டம் பத்து நிமிடம் நீண்டாலே முதலில் அடிபடுவது நடைதான். வாரத்தில் இரண்டு நாள் நடந்திருந்தாலே எனக்கு அது பெரிது.

விளக்கை அப்படித் தள்ளிப்போட வேண்டியதில்லை. 10,000 லக்ஸ் ஒளியில் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். வாங்கும்போது, அந்த 10,000 லக்ஸ் எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் கிடைக்கிறது என்று பார்ப்பது அவசியம். முதலில் கணினித் திரைக்குப் பின்னால் வைத்திருந்த என் விளக்கால் எந்தப் பயனும் இல்லை. முகத்திலிருந்து ஒன்றரைச் சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, அதன் ஒளியில் அன்றைய கடிதங்களைப் படிக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில், மூன்று மணிக்குக் கண்ணை அழுத்தும் பாரம் குறைந்தது. நடுவில் சில நாள் நிறுத்தியபோது அது திரும்பவும் வந்தது.

விழித்திரை நோயோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொடக்கூடாது.

பேச்சுவழிச் சிகிச்சையை நான் மேற்கொண்டதில்லை. ஆனால் அமெரிக்க உளவியலாளர் கெல்லி ரோஹன் குழுவினர் அதை விளக்குடன் ஒப்பிட்ட ஆய்வில் முதல் குளிர்காலத்தில் இரண்டும் சமமாகவே பயன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கே சோர்வு குறைவாகத் திரும்பியிருந்தது. விளக்கு போதாதவர்கள் அடுத்து நாட வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.