ஜப்பான் வந்ததும் எந்த பேங்க்? யூச்சோவா, மூணு பெரிய பேங்க்ல ஒண்ணா, நெட் பேங்கா

ஜப்பானுக்கு வேலைக்கோ படிக்கவோ வர்றவங்க முதல் வாரத்துலயே கேட்கிற கேள்வி இது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, சீனியர் தபால் ஆபீஸ் பேங்க் யூச்சோன்னு சொல்வார், ஆபீஸ்ல ஹெச்ஆர் பெரிய பேங்க் ஏதாவது ஒண்ணுன்னு சொல்வாங்க, பக்கத்து ரூம் பையன் நெட் பேங்க் ராகுடென் போதும்னு சொல்வான். மூணு பேர் சொல்றதும் அவங்கவங்களுக்கு சரிதான். எந்த பேங்க் நல்ல பேங்க்னு பார்க்கறதுக்கு முன்னாடி நீங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு, வந்தது வேலைக்கா படிப்புக்கா, இந்த ரெண்டையும் பார்க்கணும், பாதி முடிவு அதுலயே வந்துடும்.

ஏன்னா இங்க 1949-ல வந்த அந்நியச் செலாவணி சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதோட கணக்குப்படி ஜப்பான்ல இருக்கற ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்களும், வந்து 6 மாசம் ஆனவங்களும்தான் ‘இங்க வசிக்கறவங்க’. மத்தவங்க கையில ரெண்டு வருஷ விசா இருந்தாலும் ‘வெளிநாட்டுல வசிக்கறவங்க’ கணக்குதான். அப்படிப்பட்டவங்களோட யென் அக்கவுண்ட்ல போற வர்ற பணத்தை பேங்க் கிட்டத்தட்ட வெளிநாட்டு பணப்பரிமாற்றம் மாதிரி நடத்தணும், அவ்வளவு பேப்பர் வேலை யாருக்கும் வேண்டாம்னு "6 மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எனக்கு இதுதான் நடந்துச்சு. வந்த பத்தாவது நாள் ஒரு பேங்க்ல கவுன்ட்டர்ல இருந்த அம்மா ரொம்ப பணிவா குனிஞ்சு மன்னிப்பு கேட்டு திருப்பி அனுப்பினாங்க, வெளிநாட்டுக்காரன்னு ஒதுக்கறாங்கன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. அடுத்த வாரம் ஆபீஸ்ல ஒரு வேலைச் சான்றிதழ் வாங்கிட்டு அதே கவுன்ட்டருக்கு போனேன், அரை மணி நேரத்துல அக்கவுண்ட் கையில. வேலைக்கு வந்தவங்களுக்கு 6 மாசம் காத்திருக்கணும்னு அந்த சட்டத்துல இல்ல, அதை நிரூபிக்கற காகிதம் மட்டும்தான் எங்கிட்ட இல்லாம இருந்துச்சு. படிக்க வர்றவங்க நிலைமைதான் கஷ்டம், அவங்களுக்கு அந்த 6 மாசம் நிஜமாவே இடிக்கும்.

அந்த இடத்துலதான் யூச்சோ வருது. யூச்சோன்னா தபால் ஆபீஸ் பேங்க், 1875-ல ஆரம்பிச்ச தபால் சேமிப்போட வாரிசு, 2007-ல தனியார்மயம் ஆச்சு, 2015-ல பங்குச்சந்தைக்கு வந்துச்சு. நாடு முழுக்க 20,000-க்கு மேல தபால் ஆபீஸ், மலைக்கிராமத்துல கூட இருக்கும், டோக்கியோவுக்கு வெளிய காலேஜ்ல சேர்றவங்களுக்கு இது பெரிய விஷயம். மாணவர்களை நிறைய பார்த்துப் பழகினவங்க, 6 மாசம் ஆகலைன்னாலும் கட்டுப்பாடுகளோட ஒரு அக்கவுண்ட் கொடுக்க வழி வச்சிருக்காங்க, நிறைய மொழிப் பள்ளிகள் புது மாணவர்களை கூட்டமா கூட்டிட்டு போறதும் அங்கதான். சொந்த ஏடிஎம்ல பணம் எடுக்க கட்டணம் இல்ல.

ஆனா யூச்சோவுக்கு ஒரு விசித்திரம் உண்டு, அக்கவுண்ட் நம்பரே வேற மாதிரி. மத்த பேங்க்ல கிளை எண் 3 இலக்கம், கணக்கு எண் 7 இலக்கம். யூச்சோல 5 இலக்கத்துல ஒரு ‘கிகோ’, அப்புறம் 8 இலக்கம் வரைக்கும் ஒரு ‘பாங்கோ’. 2009 ஜனவரில தான் மத்த பேங்க்கோட பணம் அனுப்பற வலைக்குள்ள வந்தாங்க, அதுக்காக ஒவ்வொரு கணக்குக்கும் இன்னொரு கிளை எண், கணக்கு எண் வச்சிருக்காங்க. சம்பள ஃபாரத்துல கிகோவ எழுதிட்டு முதல் மாச சம்பளம் வரலையேன்னு தவிச்சவங்களை எனக்கு நேர்ல தெரியும். பாஸ்புக்லயே மாத்தின நம்பர் அச்சடிச்சு இருக்கும், இல்லன்னா கவுன்ட்டர்ல கேட்டு அடிச்சு வாங்கிடுங்க, அதைத்தான் ஆபீஸ்ல கொடுக்கணும். இன்னொண்ணு, சாதாரண கணக்குல 1 கோடியே 30 லட்சம் யென்தான் வைக்கலாம், புதுசா வர்றவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல.

பெரிய பேங்க்ங்கறது எம்யுஎஃப்ஜி, சுமிதோமோ மிட்சுய், மிசுஹோ. வாடகை வீடு எடுக்கும்போது ஜாமீன் கம்பெனி, கரண்ட், கேஸ், முனிசிபாலிட்டி வரி, ஸ்கூல் ஃபீஸ், மாசாமாசம் தானா கழியற எதுவா இருந்தாலும் இந்த மூணு பேரும் அந்த லிஸ்ட்ல இருப்பாங்க. இதுதான் இவங்க உண்மையான பலம். வட்டிக்காக யாரும் இங்க போக வேண்டாம், இங்கத்த ரிசர்வ் பேங்க்கான பேங்க் ஆஃப் ஜப்பான் 2016-ல எதிர்மறை வட்டிக்கு போய் 2024 மார்ச்ல தான் வெளிய வந்துச்சு, அந்தக் காலத்துல சாதாரண கணக்குக்கு 0.001 சதவீதம், அதாவது 10 லட்சம் யென் வருஷம் முழுக்க கிடந்தா 10 யென், அதுலயும் 20.315 சதவீதம் வரி கழிச்சுக்குவாங்க. 2025-ல அது 0.2 சதவீதத்துக்கு ஏறினதே இங்க உள்ளவங்களுக்கு பெரிய செய்தியா இருந்துச்சு. ஊர்ல எஃப்டி வட்டி பார்த்து வளர்ந்த நமக்கு இது மனசுல ஏறவே நாள் ஆகும். சம்பளத்தை சேர்த்து வைக்கற இடமா பார்க்காம, பில் கட்டற குழாயா பாருங்க.

பெரிய பேங்க்னா எல்லாம் வழுக்கிட்டு ஓடும்னும் நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை மிசுஹோ ஏடிஎம்கள் கார்டு, பாஸ்புக்னு 5,000-க்கு மேல உள்ள இழுத்து வச்சுக்கிச்சு, ஜனங்க மணிக்கணக்கா ஏடிஎம் பக்கத்துலயே நின்னாங்க. 2023 அக்டோபர் 10 பேங்குகளுக்கு நடுவுல பணம் அனுப்பற ‘ஸெங்கின்’ அமைப்பே தடுமாறுச்சு, 1973-ல ஆரம்பிச்சதுல இருந்து வாடிக்கையாளர் பணம் தாமதமான அளவுக்கு போனது அதுதான் முதல் தடவை. அதனாலதான் ஒரே அக்கவுண்ட்டை நம்பி இருக்காதீங்கன்னு சொல்றேன், வாடகை கட்டற நாள்ல கார்டு உள்ள போயிட்டா மொழி தெரியாத ஊர்ல என்ன பண்ணுவீங்க.

கவுன்ட்டர் நேரமும் முக்கியம், பெரும்பாலும் வார நாள்ல காலை 9-ல இருந்து மதியம் 3 வரைக்கும்தான். அதுலயும் 5, 10, 15, 20, 25 தேதிகளை ‘கோதோபி’ம்பாங்க, கம்பெனிகள் கணக்கு தீர்க்கற நாள், 25 நிறைய இடத்துல சம்பள நாள். அந்த தேதில புது அக்கவுண்ட் திறக்க போனா லீவு போட்ட நாள் பூரா அங்கயே போயிடும்.

நெட் பேங்க் கதை வேற. ராகுடென், சோனி பேங்க், பேபே பேங்க், இவங்களுக்கெல்லாம் கவுன்ட்டரே கிடையாது, ஹாங்கோ (பேர் முத்திரை) வேண்டாம், போன்ல ஸாய்ர்யூ கார்டை (வெளிநாட்டுக்காரங்களுக்கு கொடுக்கற வசிப்பு அட்டை) படம் எடுத்து அனுப்பினா போதும். சோனி பேங்க்ல இங்கிலீஷ்லயே ஆன்லைன் சேவை இருக்கு. செவன் பேங்க் 2001-ல கன்வீனியன்ஸ் ஸ்டோர் ஏடிஎம் வைக்கறதுக்காகவே வந்த பேங்க், மெஷின்லயே பல மொழி வரும், வெஸ்டர்ன் யூனியன் வழியா ஊருக்கும் பணம் அனுப்பலாம். மத்த பேங்க்குக்கு மாசத்துல சில தடவை இலவசமா பணம் அனுப்பற வசதி இவங்க நிறைய பேர்கிட்ட உண்டு, மேல சொன்ன பெரிய பேங்க்ல ஒவ்வொரு தடவையும் நூத்துக்கணக்குல யென் போகும். பயப்படறவங்களுக்கு ஒண்ணு, டெபாசிட் காப்பீடு எல்லா பேங்க்குக்கும் ஒண்ணுதான், ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 1 கோடி யென் அசலும் அதோட வட்டியும். நெட் பேங்க்ங்கறதால குறையாது.

இடிக்கற இடம் வேற. சில இடங்கள்ல தானா கழியற லிஸ்ட்ல நெட் பேங்க் இருக்காது. அப்புறம் மொபைல் ஆப்ல பேர் டைப் பண்ணும்போது ஆரம்பிக்கும் தலைவலி, அதை தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய தடை.

நமக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு இல்ல, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் நிறைய பேருக்கு காலி, இல்லன்னா அப்பா பேர் அங்க போயிருக்கும். ஜப்பான்ல குடும்பப் பேர்தான் முதல்ல வரணும், ஃபாரத்துல ரெண்டு கட்டமும் நிரம்பணும். ஸாய்ர்யூ கார்டுல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இங்கிலீஷ் எழுத்துல பேர் இருக்கும், பேங்க் அதை கதகானால (வெளிநாட்டுப் பேர் எழுதற ஜப்பான் எழுத்து) மாத்தும், அங்கதான் சிக்கல். நம்ம ல, ள, ழ, ர, ற அஞ்சும் அவங்களுக்கு ஒரே ‘ர’தான். தமிழ்ச்செல்வன்னு ஒருத்தர் போனா கிட்டத்தட்ட ‘தாமிரு செருவான்’னு வெளிய வருவார், அதுலயும் அந்த ‘வ’வ ஒரு ஆபீஸ்ல ‘ப’ன்னு எழுதுவாங்க, இன்னொரு இடத்துல ‘வ’க்குன்னு இருக்கற எழுத்தையே போடுவாங்க. சம்பள ஃபைல்ல பேருக்கு 30 எழுத்து இடம்தான், கதகானால ‘க’வை ‘ga’ன்னு ஒலிக்க வைக்கற அந்த ரெண்டு புள்ளி கூட அங்க தனி எழுத்தா எண்ணப்படும். பேர் ஒத்துப் போகலைன்னா பணம் திரும்பிடும். நான் செஞ்சது இதுதான்: முதல் அக்கவுண்ட்ல கதகானா எப்படி வந்துச்சோ, இடைவெளி எங்க இருக்கோ, அப்படியே போன்ல படம் எடுத்து வச்சுக்கிட்டேன், ஆபீஸ், போன் கம்பெனி, வீட்டுக்காரர், எல்லாருக்கும் அதே வடிவம்தான். கவுன்ட்டர்ல திறக்கும்போது இதை ஒரு மனுஷன் கூட உட்கார்ந்து பேசி சரி பண்ணலாம், நெட் பேங்க்ல ‘விவரம் பொருந்தவில்லை’ன்னு ஒரு மெயில் வரும், ஏன்னு தெரியாது. முதல் அக்கவுண்ட்டுக்கு நெட் பேங்க் வேண்டாம்னு நான் சொல்றதுக்கு பெரிய காரணம் இதுதான்.

ஹாங்கோ பத்தி ரொம்ப பயமுறுத்துவாங்க. இப்ப பெரிய பேங்க்லயும் நிறைய இடத்துல கையெழுத்தோ ஆப்போ போதும். ஆனா பேங்க்ல ஒரு முத்திரையை பதிவு பண்ணிட்டீங்கன்னா அதை கூரியர் வாங்கவெல்லாம் குத்தாதீங்க, அதுக்கு வேற ஒரு மலிவான முத்திரை வச்சுக்கோங்க, இங்க உள்ளவங்களும் அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காங்க.

ஊருக்கு பணம் அனுப்பறதுக்கு பேங்க் கவுன்ட்டர் வழி சரியில்ல, சில ஆயிரம் யென் கட்டணம், நோக்கம் என்ன, பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு காகிதம். பணப்பரிமாற்றத்துக்குன்னே பதிவு பண்ணின கம்பெனிகள் 2010-ல இருந்து சட்டப்படி இருக்காங்க, வைஸ், எஸ்பிஐ ரெமிட் (இது ஜப்பான் கம்பெனி, நம்ம ஸ்டேட் பேங்க் இல்ல) மாதிரி, மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்பற சின்ன தொகைக்கு அதுதான் கட்டுப்படியாகும். எந்த வழியா இருந்தாலும் மை நம்பர் (இங்க வசிக்கற ஒவ்வொருத்தருக்கும் அரசு கொடுக்கற அடையாள எண்) கேட்பாங்க, கொடுக்கறதுல தயக்கம் வேண்டாம்.

தொழில் ஆரம்பிக்கற யோசனை இருக்கறவங்க மட்டும் இந்த வரிசையை வேற மாதிரி பார்க்கணும். கம்பெனி பதிவாகறதுக்கு முன்னாடி அதுக்கு அக்கவுண்ட் இருக்க முடியாது, அதனால மூலதனத்தை ஆரம்பிக்கறவரோட சொந்த அக்கவுண்ட்ல போட்டு, பாஸ்புக் நகலை பதிவுக்கு ஆதாரமா வைக்கறதுதான் வழக்கம். தொழில் விசாவுக்கு மூலதனம் 50 லட்சம் யென்ல இருந்து 2025 அக்டோபர்ல 3 கோடி யென் ஆயிடுச்சு. அவ்வளவு பணம் வந்து போற அக்கவுண்ட் பழைய, ஒழுங்கான, உங்களை தெரிஞ்ச கிளைல இருந்தா கேள்வி குறையும். இங்க கம்பெனிகள் பல வருஷம் ஒரே ‘மெயின் பேங்க்’ கூட உறவா இருக்கற பழக்கம் இன்னும் போகல. வீட்டுக்கடனும் இதே மாதிரிதான், பெரும்பாலான பேங்க் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்.

அப்ப என் வரிசை: மாணவர்னா யூச்சோ, யோசிக்கவே வேண்டாம். வேலைக்கு வந்தவர்னா சான்றிதழோட ஆபீஸ் பக்கத்துல இருக்கற ஒரு பெரிய பேங்க், முடியலைன்னா யூச்சோ. சம்பளத்துக்கு இந்த பேங்க்தான்னு ஹெச்ஆர் சொன்னா கூட பணிவா கேட்டுப் பாருங்க, பேங்க்ல சம்பளம் போடறதுக்கே உங்க சம்மதம் வேணும்னுதான் தொழிலாளர் சட்டம் சொல்லுது. பேர் குழப்பம் எல்லாம் தீர்ந்து அரை வருஷம் ஆனதும் ஒரு நெட் பேங்க் சேர்த்துக்கோங்க, செலவுக்கும் பணம் அனுப்பவும். எங்கிட்ட இப்ப இருக்கறது ஒரு பெரிய பேங்க், ஒரு நெட் பேங்க், அவ்வளவுதான்.

விசா புதுப்பிச்சா புது ஸாய்ர்யூ கார்டை ரெண்டு பேங்க்லயும் உடனே காட்டுங்க, பழைய தேதி தாண்டினா பணம் எடுக்க முடியாம பூட்டிடுவாங்க. ஊருக்கு கிளம்பற பசங்ககிட்ட "அந்த அக்கவுண்ட்டையும் கார்டையும் கொடு, பணம் தர்றேன்"னு யாராவது கேட்டா தயவுசெஞ்சு கொடுத்துடாதீங்க, அது குற்றம், மோசடிக்காரங்க கைக்குத்தான் அது போகும், கைதாகி விமானம் ஏற முடியாம போன மாணவர்கள் இருக்காங்க. ‘கட்டின பென்ஷன் பணம் திரும்ப வரணுமே, அதுக்காக திறந்து வைக்கறேன்’னும் வேண்டாம், நாட்டை விட்டு போனப்புறம் 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா ஊர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்கே அனுப்பிடுவாங்க. கடைசி மாச கரண்ட், கேஸ், போன் பில் கழிஞ்சுதான்னு பார்த்துட்டு, பாஸ்புக், கார்டு, முத்திரை மூணையும் எடுத்துட்டு போய் மூடிட்டு கிளம்புங்க, அதையும் 25-ஆம் தேதி வேண்டாம்.