எங்க ஊர் நூலகத்துல எல்இடி, சென்சார், ஹீட்டர்: மூணு மழைக்காலம் ஓடுன பிறகு

நீலகிரியில ஊட்டிக்குக் கிட்ட இருக்கிற கேத்திப் பக்கம் எங்க ஊர் நூலகத்துல லைட்டெல்லாம் மாத்தி மூணு மழைக்காலம் ஓடிருச்சுங்க. நான் அங்க தினமும் போய் உக்கார்ற ஆளு, லைப்ரரியன் அக்கா "டிஎன்பிஎஸ்சி கோஷ்டி"ன்னு கூப்பிடுற கூட்டத்துல ஒருத்தன். மாட்டுன அன்னைக்கு எல்லாமே பளபளன்னுதான் இருந்துச்சு, அதுக்கப்புறம் எது நின்னுச்சு எது புட்டுக்கிச்சுன்னு கூடவே உக்காந்து பாத்ததைத்தான் எழுதுறேன். பக்கத்து ஊர்ல பள்ளிக்கூடத்துக்கும் சமுதாயக் கூடத்துக்கும் இதே வேலை நடக்கப் போகுதுன்னு கேள்வி, அவங்க கண்ணுல பட்டா நல்லது.

முதல்ல லைட்டு. முன்ன 12 டியூப்லைட், பழைய 40 வாட் பட்டி, கனமான செப்பு சோக்கோட. சோக்கு மட்டுமே தனியா பத்துப் பதினஞ்சு வாட் தின்னும், ஆக ஒண்ணுக்கு 55 வாட்னு வச்சுக்கங்க. ஜனவரி காலையில ஸ்விட்சைப் போட்டா ரெண்டு முனையும் சிவந்து மினுக் மினுக்குன்னு கண்ணடிக்கும், எரியாது, டியூபுக்குள்ள இருக்கிற பாதரசம் குளிர்ல ஆவியாகச் சுணங்கும், அக்கா ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகிட்டு இறங்குவாங்க. சாயங்காலம் ஊரே கீசரைப் போடுற நேரத்துல வோல்டேஜ் தொங்கிருச்சுன்னா ஸ்டார்ட்டரைத் திருகியும் பிரயோஜனம் இல்ல. இப்ப இருக்கிறது 20 வாட் எல்இடி, போட்டதும் எரியுது. எல்இடிக்கு ஆகாதது சூடுதான், குளிர்ல அது சுகமா ஓடும், அந்த வகையில மலைக்குன்னே செஞ்ச லைட்டு.

கணக்கு பாத்தா முன்ன 660 வாட், இப்ப 240. எட்டு மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு மூணேகால் யூனிட்டுக்கு மேல மிச்சம். நல்ல விஷயம்தான், ஆனா எங்களுக்கு நிஜமான லாபம் பேட்டரியில. இங்க கரண்ட் போறது உங்களுக்கே தெரியும், காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா போதும், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) கிளை லைன்மேல சாஞ்சிரும். (பைக்காரால 1932-லயே தண்ணியில கரண்ட் எடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் குந்தா வந்துச்சு, இந்த மலைத்தண்ணியில எடுக்கிற கரண்ட் சமவெளி வரைக்கும் போகுது, நாங்க மெழுகுவர்த்தி தேடுறோம். அது தனிக் கதை.) 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு இருக்கு, முன்ன அதுல எல்லா டியூபையும் போட்டா ஒன்றரை மணி நேரம் தாங்குறதே பெருசு, அதனால நாலு டியூப மட்டும் போட்டுட்டு எல்லாரும் ஒரே மேசையில நெருக்கியடிச்சு உக்காருவோம். இப்ப பன்னெண்டும் எரிஞ்சு நாலு மணி நேரம் கிட்ட ஓடுது. பரீட்சை நேரத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு படிக்கிற பசங்களைக் கேளுங்க.

குறை இல்லாம இல்ல. முதல் மழைக்காலத்துலயே நாலஞ்சு லைட்டு போயிருச்சு. டையோடு ஒண்ணும் ஆகல, உள்ள இருக்கிற டிரைவர்தான் (எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்ட்டை மாத்திக் குடுக்கிற சின்ன சர்க்யூட்) அவுட்டு. கரண்ட் போய்ப் போய் வரும்போது ஒரு உதைப்பு வருதுல்ல, அதுலதான் அடி வாங்கிருக்குன்னு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னாரு. அது மொத்தமா ஒட்டி மூடுன பட்டி, கழட்டவும் முடியாது ரிப்பேரும் பண்ண முடியாது, செத்ததெல்லாம் இன்னும் ஸ்டோர் ரூம் மூலையில சாத்தி வச்சிருக்கு. அதுக்கப்புறம் போர்டுல அந்த உதைப்பைத் தாங்கிக்கிற சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போட்டு, எர்த்தையும் சரி பண்ணி, டிரைவர் தனியா கழட்டி மாட்டுற மாதிரி ஃபிட்டிங் வாங்குனாங்க. ரெண்டாவது மழைக்காலத்துல ஒண்ணே ஒண்ணுதான் போச்சு, டிரைவரை மட்டும் மாத்துனாரு, எரியுது. வாங்கறவங்க இந்த ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்க, வாரண்டி எத்தனை வருஷம்னு கேக்குறதை விட இது முக்கியம்.

கலர் பத்தி ஒரு சண்டையே நடந்துச்சு. மொத்தமா வந்ததெல்லாம் 6500 கெல்வின், வெள்ளை வெளேர்னு (கெல்வின்னா இங்க லைட்டோட நிறத்துக்கான அளவு, எண் குறைஞ்சா மஞ்சள் பக்கம் போகும்). கோயம்புத்தூர் வெயில்ல இருந்து உள்ள வர்றவனுக்கு அது குளுகுளுன்னு இருக்கும். ஆடி மாசம் மூணு மணிக்கே வெளிய சாம்பல் கலர்ல மஞ்சு இறங்கி நிக்கும்போது உள்ள வந்து அந்த லைட்டுக்கடியில உக்காந்தா கூடக் கொஞ்சம் குளிர்ற மாதிரியே இருக்கும், கைடு புத்தகம் எல்லாம் வழவழ பேப்பர் வேற, எழுத்து மேல பளிச்சுன்னு ஒரு கோடு விழும். படிக்கிற மேசைப் பக்கம் மட்டும் 4000 கெல்வின், மேல பால் கலர் கவர் போட்டதா மாத்தச் சொன்னோம். பேப்பர் படிக்க வர்ற தாத்தாங்க "மங்கலா இருக்கு"ன்னு ஒரு வாரம் முறைச்சாங்க. போன்ல வெளிச்சம் அளக்கிற ஆப் போட்டு மேசை மேல வச்சுக் காட்டினேன், படிக்கிற மேசைக்கு இந்தியத் தரத்துல சொல்ற 300 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) சுமாரா வருது, ஆப் கணக்கு தோராயம்தான், இருந்தாலும் அதைக் காட்டுனதும் அடங்கிட்டாங்க. இன்னொண்ணு, மஞ்சள் லைட்டு போட்டா ரூம் சூடாகும்னு ஒரு நம்பிக்கை இங்க உண்டு. பழைய 100 வாட் குண்டு பல்பு நிஜமாவே சூடு பண்ணுச்சு, அது இழுத்த கரண்ட்ல முக்காலே மூணு வீசம் சூடாத்தான் போச்சு. எல்இடி மஞ்சளா இருந்தா கண்ணுக்குத்தான் இதம்.

சென்சார் கதை சிரிப்பு. ஆள் இல்லைன்னா தானா அணையுமாம். அந்த சென்சார் பாக்குறது உடம்புச் சூடு நகர்றதை. ஸ்வெட்டர், சால்வை, காது மூடுன குல்லான்னு மூட்டையா உக்காந்து அசையாம படிக்கிறவன அது ஆளாவே கணக்குல எடுக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லைட்டு அணையும், யாராவது தலைக்கு மேல கைய ஆட்டுவான், எரியும். ஒரு தாத்தா இதுக்குன்னே நியூஸ் பேப்பரைப் பெருசா விரிச்சு மடிப்பாரு. கடைசியில படிக்கிற ஹால்ல இருந்து கழட்டி பாத்ரூமுக்கும் வராண்டாவுக்கும் மாத்திட்டாங்க. அங்க பிரமாதம், ராத்திரி பூரா எரிஞ்சுக்கிட்டிருந்த பாத்ரூம் லைட்டு இப்ப ஆள் உள்ள வந்தாத்தான் எரியுது.

இனி குளிர். நூலகத்துல உக்கார முடியுதா இல்லையான்னு தீர்மானிக்கிறது இதுதான், இதைத்தான் யாரும் திட்டத்துலயே எழுதல. கட்டடம் சமவெளி பிளான் அப்படியே தூக்கி வச்சது. சீலிங் பத்தடிக்கு மேல, ஜன்னலுக்கு மேல வரிசையா ஓட்டை வச்ச சிமெண்டு ஜாலி வெண்டிலேட்டர், தரையில வழவழ டைல்ஸ். மூணு சீலிங் ஃபேன் வேற, மாட்டுனதுல இருந்து சுத்துனதை நான் பாத்ததில்ல. கரண்ட் சிக்கனம் பத்தி ஆய்வு பண்ண ஒருத்தர் ஃபாரத்தோட வந்தாரு, ஃபேன் எத்தனை, ஏசி எத்தனைன்னு எண்ணி எழுதிட்டு, ஃபேனை எல்லாம் பிஎல்டிசி-யா (கம்மி கரண்ட்ல ஓடுற புது மோட்டார் ஃபேன்) மாத்துனா பாதிக்கு மேல மிச்சமாகும்னு சொல்லிட்டுப் போனாரு. சுத்தாத ஃபேன்ல என்னத்த மிச்சம் பிடிக்கிறது? ஹீட்டருக்கு அந்த ஃபாரத்துல கட்டமே இல்ல.

ஊட்டிப் பக்கம் ஜனவரி ராத்திரி அஞ்சாறு டிகிரிக்குப் போகும், பள்ளத்துல உறைபனியே விழும், ஆனா பகல்ல வெயில் சுள்ளுன்னு இருக்கும். நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு வடக்க 11 டிகிரி சொச்சம், மார்கழி தையில சூரியன் தெக்க சாஞ்சுதான் போகும், தெக்குப் பக்க ஜன்னல்ல நேரா உள்ள விழும். அந்தத் தெக்குப் பக்கத்துல எங்க கட்டடத்துல என்ன இருக்கு தெரியுமா, ஸ்டோர் ரூமும் பாத்ரூமும். செத்த லைட்டுங்க எல்லாம் சொகுசா வெயில் காயுது, படிக்கிற ஹால் வடக்க பாத்து ஐஸ் பெட்டியா கிடக்கு. கீழ ஊர்ல வடக்கு வெளிச்சம் நல்லதுன்னு அப்படி வைப்பாங்க, சரி. தோடர் வீட்டு வாசல் குனிஞ்சு தவழ்ந்து போற அளவுதான் இருக்கும், படகர் ஹட்டியில வீடுங்க சுவரோட சுவர் ஒட்டி வரிசையா நிக்கும், வெள்ளைக்காரன் பங்களாவுல மரத்தரையும் கணப்படுப்பும் இருக்கும். இத்தனையும் இதே மலையில கண்ணு முன்னாடி நிக்குது, டெண்டர் போடறவங்க கண்ணுக்குத் தெரியறதில்ல. இசிபிசி-ன்னு கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்பு விதி 2007-லயே வந்துச்சு, நாட்டை அஞ்சு தட்பவெப்ப மண்டலமா பிரிச்சிருக்கு, ஆனா அது 100 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ லோடு இருக்கிற பெரிய கட்டடங்களுக்கு. எங்க நூலகத்தோட மொத்த லோடு அதுல கால் தூசு.

போன வருஷம் 2000 வாட் புளோயர் ஹீட்டர் ஒண்ணு வந்துச்சு. மூணு மணி நேரம் ஓடுனா ஆறு யூனிட். லைட்டுல நாள் பூரா மிச்சம் பிடிச்சதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அப்படியாவது சூடு வந்துச்சான்னா, புளோயர் காத்தைச் சூடாக்குது, சூடான காத்து மேல ஏறி நேரா ஜாலி வழியா தொட்டபெட்டாவுக்கே போயிருது. முன்னாடி நின்னவனுக்கு முழங்கால் மட்டும் சூடு, பின்னாடி மேசையில கம்பளி போத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாங்க.

உருப்படியா வேலை செஞ்சது எல்லாம் சில்லறைச் செலவு. ஜாலிக்கு உள்பக்கம் கட்டியான பிளாஸ்டிக் ஷீட்டு அடிச்சோம், ஜன்னல் ஓரத்துல பசை ஒட்டுன ஃபோம் பட்டி, கதவுக்கடியில ரப்பர் பட்டி, மேசைக்கடியில கால் வைக்கிற இடத்துல தேங்காய் நார் மேட்டு. அந்த மேட்டு ஒண்ணே போதும்ங்க, டைல்ஸ்ல இருந்து பாதம் வழியா ஏறுற குளிர் நின்னாலே பாதி ஜெயிச்ச மாதிரி. ஆனா எல்லா ஜாலியையும் அடைச்சப்ப வேற வம்பு வந்துச்சு, இருபது பேர் விடுற மூச்சு ஈரமா கண்ணாடியில வழிஞ்சு, மூலைச் சுவர்ல கறுப்பா பூசணம் பிடிச்சு, புத்தகத்துல ஊசல் வாடை, மத்தியானமானா எல்லாருக்கும் தலைவலி. அப்புறம் எதிரெதிரா ரெண்டு ஜாலிய மட்டும் திறந்து விட்டோம். வெயில் அடிக்கிற நாள்ல அக்கா பதினொரு மணி வாக்குல எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு, ரெண்டு மணிக்கெல்லாம் சாத்திருவாங்க, மஞ்சு மூடுன நாள்ல திறக்கவே மாட்டாங்க. பூசணம் நின்னிருச்சு.

ஓட்டையெல்லாம் அடைச்ச பிறகு புளோயருக்கு வேலை இல்ல, எண்ணெய் ஊத்துன ரேடியேட்டர் டைப் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு ஊர்க்காரர் ஒருத்தர். மெதுவாத்தான் சூடேறும், காலையில அக்கா வந்ததும் போட்டு விடணும், கதகதன்னு ஆனதும் தானா கட் ஆகி கட் ஆகி ஓடும், சத்தமே இல்ல. கம்பி செக்கச் செவேல்னு எரியுற ஹீட்டர் உடம்புக்கு உடனே சூடு குடுக்கும், சமுதாயக் கூடத்துக்கு ஓகே, பேப்பர் அடுக்கி வச்சிருக்கிற இடத்துல வேண்டவே வேண்டாம். சில இடத்துல இரும்புச் சட்டியில கரி போட்டு உள்ள வைக்கிறாங்க, மூடுன ரூம்ல அது உயிரை எடுத்துரும், தயவு பண்ணி வைக்காதீங்க.

இந்த வருஷம் மனு குடுத்திருக்கிறது ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி அந்தத் தெக்கு ஜன்னல் பக்கம் ரெண்டு மேசை போடச் சொல்லி. பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. ஹீட்டர் வாங்கறவங்க எதுவா இருந்தாலும் 16 ஆம்ப் பாயிண்ட் தனியா இழுத்து மாட்டுங்க, 2000 வாட்னா ஒம்போது ஆம்ப் கிட்ட இழுக்கும், எங்க ஆளுங்க முதல்ல புளோயரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல செருகி அந்த பாக்ஸ் உருகி மேசையோட ஒட்டிக்கிச்சு.