டெபியன் நிலையான பதிப்பில் புதிய மென்பொருளை எப்போது ஏற்பது? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனின் நிலையான பதிப்பையே, டெபியன் 9 காலத்திலிருந்து, வீட்டுக் கணினியிலும் ஒரு சிறு அலுவலகத்தின் சர்வரிலும் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வெளியீடு வரும். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் தம் முதன்மைப் பதிப்பை மாற்றிக்கொள்வதில்லை. 2023 ஜூனில் டெபியன் 12 வெளிவந்தபோது அதிலிருந்த தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 15, 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை 15 ஆகவே நீடித்தது. அதற்குள் வெளியே 16, 17 என்று இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. இவற்றில் எதை, எந்த வழியாக, எப்போது எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்த இயங்குதளத்தில் இருப்பவர் அடிக்கடி எடுக்க வேண்டிய முடிவு.

பாதுகாப்பைக் காரணம் காட்டி அவசரப்படுவோருக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டெபியனில் பதிப்பெண் பழையதாக இருப்பதால் ஓட்டைகளும் அடைக்கப்படாமல் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. புதிய பதிப்பில் செய்யப்பட்ட திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் சேர்ப்பதே பாதுகாப்புக் குழுவின் வழக்கம். அவ்வாறு திருத்தப்பட்ட பொதியின் (நிறுவத் தயாராகக் கட்டித் தரப்படும் மென்பொருளின்) எண்ணுக்குப் பின்னால் ‘டெப்12யூ1’ போன்ற ஒட்டு இருக்கும். முன்பகுதி எண்ணை மட்டும் பார்த்து எச்சரிக்கும் ஆய்வுக் கருவிகள் இந்த ஒட்டைக் கவனிப்பதில்லை. எனவே அறிக்கையில் சிவப்பாக எது வந்தாலும், அந்தப் பொதியின் மாற்றப் பதிவைத் திறந்து குறிப்பிட்ட சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்) அதில் இருக்கிறதா என்று தேடிய பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

உண்மையில் புதிய பதிப்பு தேவைப்படுவது, வெளியுலகம் மாறுவதால் பழையது பயனற்றுப் போகும் இடங்களில்தான். காணொளிகளைப் பதிவிறக்கும் ஒய்டி-டிஎல்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தளங்கள் தம் அமைப்பை மாற்ற மாற்ற, பழைய பதிப்பு சில மாதங்களிலேயே திணறத் தொடங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் விஷயத்தில் டெபியனே விலக்கு அளித்து, நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை நிலையான வெளியீட்டுக்குள் அவ்வப்போது புதுப்பித்துவிடுகிறது. வன்பொருளும் அப்படித்தான். டெபியன் 12-இன் 6.1 கர்னலுக்கு (வன்பொருளை இயக்கும் இயங்குதளக் கருவுக்கு) தெரியாத வைஃபை சில்லு கொண்ட மடிக்கணினி கைக்கு வந்தபோது, புதிய பதிப்புகளை நிலையான வெளியீட்டுக்கு ஏற்பக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கர்னலை எடுப்பதைத் தவிர வேறு நேர்த்தியான வழி இல்லை.

பேக்போர்ட்ஸ் மீது எனக்கு மதிப்பு வரக் காரணம், கேட்காமல் அது எதையும் திணிப்பதில்லை என்பதே. ஒரு பொதி எங்கிருந்து வரும் என்று காட்டும் ‘ஆப்ட் பாலிசி’ கட்டளையில் வழக்கமான களஞ்சியத்துக்கு எதிரே 500 என்றும், பேக்போர்ட்ஸுக்கு எதிரே 100 என்றும் முன்னுரிமை எண் தெரியும்; பெரிய எண்ணுக்கே முதலிடம். பெயர் சொல்லிக் கேட்ட பொதி மட்டுமே அங்கிருந்து வரும். ஒருமுறை வந்துவிட்டால் அதற்கான புதுப்பிப்புகளும் அங்கிருந்தே தொடரும். ஆனால் அவற்றுக்குப் பாதுகாப்புக் குழு பொறுப்பேற்பதில்லை. அந்தந்தப் பொதியைப் பேணுபவரின் உழைப்பையே நம்பியிருக்க வேண்டும். அதனால் இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சேவை எதையும் நான் அங்கிருந்து எடுப்பதில்லை.

தரவைத் தன்னிடம் வைத்திருக்கும் மென்பொருளுக்கு அளவுகோலே வேறு. பதிவிறக்கக் கருவி பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிட்டுப் பழையதை நிறுவலாம். தரவுத்தளத்தில் அப்படித் திரும்பிவர இயலாது. டெபியன் 9-இலிருந்து 10-க்கு வந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சி 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியதால், போஸ்ட்கிரெஸ் பதிப்பையே மாற்றாதவர்களுக்கும்கூட உரைப் புலங்களின் மீதிருந்த இன்டெக்ஸ்கள் (விரைவாகத் தேட உதவும் வரிசைகள்) தவறான விடை தரும் நிலை ஏற்பட்டது. அவற்றை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து இயங்குதளத்தையும் தரவுத்தளத்தையும் ஒரே நாளில் உயர்த்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸை உயர்த்தும் ‘பிஜி அப்கிரேட்கிளஸ்டர்’ கருவி பழைய தரவுத்தளத் தொகுதியை அழிக்காமல் வேறொரு போர்ட்டில் நிறுத்தி வைக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஒரு மாதக் கணக்கு முடிந்து அறிக்கைகள் ஒத்துப்போன பிறகே அதை நீக்குகிறேன்.

நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் களஞ்சியங்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. ஒரு வணிக மென்பொருளின் களஞ்சியம், தன் பயன்பாட்டோடு ஒரு பொது நிரல் நூலகத்தையும் டெபியனுடையதைவிட உயர்ந்த எண்ணோடு சேர்த்து நிறுவியிருந்தது. அன்றாடப் பயன்பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. டெபியன் 12-க்கு மாறும்போதுதான் அந்த ஒற்றை நூலகத்தால் சார்புகள் (ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகள்) சிக்கிக்கொண்டு, மேம்படுத்தல் பாதியில் நின்றது. இப்போது புதிய களஞ்சியம் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும், அது இயங்குதளத்தின் பொதிகளில் எவற்றையெல்லாம் மாற்றும் என்பதை முதலில் பார்க்கிறேன். மேசைக்கணினிப் பயன்பாடு என்றால் பயன்பாட்டை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக நிறுவும் ஃபிளாட்பேக் போதும். வட்டில் அதிக இடம் பிடித்தாலும் அடித்தளத்தில் அது கைவைப்பதில்லை.

காத்திருப்பதன் பயனுக்குப் பலரும் காட்டும் சான்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024-இல் நடந்த நிகழ்வு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைத்து வைக்கப்பட்ட பின்கதவை, போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதே அவரை விசாரிக்க வைத்தது. டெபியன் 12-இல் 5.4.1 இருந்ததால் எங்கள் சர்வர் தப்பியது. ஆனால் அவர் அந்தத் தாமதத்தைக் கண்டது புதிய பொதிகள் முதலில் வந்து சேரும் டெபியனின் நிலையற்ற கிளையில். அதை அன்றாடம் ஓட்டுபவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பொதி எங்களிடமும் வந்து சேர்ந்திருக்கும். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழையோ நேர்மாறானது. 2012 மார்ச்சில் இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1-இல் நுழைந்த அந்தப் பிழை 2014 ஏப்ரல் வரை யார் கண்ணிலும் படாததால், 2013-இல் வந்த டெபியன் 7-இலும் இடம்பெற்றுவிட்டது. சில மாதக் காத்திருப்பு விரைவில் வெளிப்படும் குறைகளை மட்டுமே வடிகட்டும். ஆழத்தில் கிடப்பவற்றுக்கு, வந்த திருத்தத்தை அன்றே நிறுவுவதுதான் வழி.

டெபியன் 13-க்கு மாறியபின் பேக்போர்ட்ஸ் கர்னல் தேவைப்படவில்லை; அதன் 6.12 கர்னலே அந்த வைஃபையை இயக்குகிறது. போஸ்ட்கிரெஸ் 18 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. அதன் ஒத்திசைவற்ற உள்ளீட்டு வசதி (வட்டிலிருந்து தரவு வரும்வரை சும்மா காத்திராத முறை) பெரிய தரவுத்தளங்களுக்குப் பயன்படக்கூடும். எங்கள் அளவுக்கு அது அவசியமில்லை. இயங்குதளத்தோடு வந்த 17-க்கு 2029 நவம்பர் வரை ஆதரவு உண்டு என்பதால், சர்வர் அதிலேயே இருக்கிறது.