பெரியம்மாவின் நல்லடக்கமும் ஒரு மலர்ச்சாலையின் சேவையும்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே காலமான எங்கள் பெரியம்மாவின் இறுதி ஏற்பாடுகளைக் கடந்த மாதம் பொரளைப் பக்கத்து மலர்ச்சாலை (இறுதிச்சடங்கு நிறுவனம்) ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

பூதவுடலைக் கையாள்வதில் அவர்களிடம் குறை காண முடியாது. அதிகாலை இரண்டு மணிக்கு அழைத்தோம். முக்கால் மணி நேரத்துக்குள் வாகனம் வந்தது. சுவாமி (குருவானவர்) மரணத் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கான அவஸ்தைபூசுதலைக் கொடுத்தபோது ஏற்றிய மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருப்பதைக் கண்ட பணியாளர் இருவரும், நாங்கள் செபித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார்கள். உடல் கெடாமல் எம்பாம் செய்து கொண்டுவந்தபோது பூச்சுத் தெரியாமல் பெரியம்மாவின் முகம் அவருடைய முகமாகவே இருந்தது. விரல்களில் செபமாலையைச் சுற்றியவர், சிலுவை மேலே தெரிய வேண்டுமா என்று மெல்லக் கேட்டு இரண்டு முறை சரிசெய்தார். கோவிலில் பெட்டியை வைக்கும்போது பொதுநிலையினரின் (குருக்கள் அல்லாதோரின்) கால்கள் பீடத்தை நோக்கி இருக்க வேண்டும், குருவானவரானால் தலை பீடத்தை நோக்கி இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பெட்டியருகே ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரிக்கு இடம்விட்டு மலர்வளையங்களை ஒதுக்கி வைத்ததும் அவர்களே.

அலுவலக மேசையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்று அறிந்ததும், தகனம் செய்து சாம்பலை மூன்று சிறு கலசங்களில் பிரித்துத் தருவதாக ஒரு கட்டணப் பட்டியலை நீட்டினார்கள். 1963 முதல் திருச்சபை தகனத்தை அனுமதித்தாலும் அடக்கத்தையே விரும்புகிறது. சாம்பலைப் பங்கிடுவதையும், தூவுவதையும், வழக்கமாக வீட்டில் வைத்திருப்பதையும் 2016இல் வெளியான வத்திக்கான் அறிவுறுத்தல் ஏற்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களை ஓயாது பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாது என்றால் நம்புவது கடினம். நாங்கள் மாதம்பிட்டி மயானத்தில் பெரியப்பாவின் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம்.

தமிழ் அச்சு இன்னும் மோசம். பதாகையில் முடிவில்லா ஓய்வைக் குறிக்கும் ‘நித்திய இளைப்பாற்றி’ என்பது ‘நித்திய இளைப்பாறி’ என்று வந்திருந்தது. பெரியம்மா ஆசிரியையாக இருந்தவர். பார்த்திருந்தால் சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பார். திருத்தித் தந்தார்கள், ஆனால் இரண்டாவது பதாகைக்கும் பணம் போட்டிருந்தார்கள். கேட்ட பிறகுதான் நீக்கினார்கள்.

துயர ஆற்றுப்படுத்தலும் உண்டு என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது. அது சிங்களத்தில் வந்த ஒரேயொரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. 31ஆம் நாள் திருப்பலிவரை மாலைதோறும் செபமாலை சொல்ல வந்தவர்கள் எங்கள் கோவில் பங்கின் செபக்குழுவான மரியாயின் சேனைப் பெண்கள்தான். அழுகிற நேரத்தில் செபத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போடவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி தேவைப்பட்டால் இதே மலர்ச்சாலையைத்தான் அழைப்பேன். ஆனால் அடக்கம் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவேன். பதாகை வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்து, அச்சுக்குப் போகுமுன் படி வாங்கிப் பார்ப்பேன்.